ஏப்ரலுக்கு முந்திய இரும்பு

தலைவலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படாது. முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவன் சொல்கிறேன். தண்ணீர் குடித்தீர்களா, சரியாகத் தூங்கினீர்களா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் காலையிலிருந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், மேடம். இந்த அறையில் ஜன்னல் இல்லை, அதுதான் காரணம். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும்.

வெர்லின் யோஸ்ட் விஷயமாகத்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். வக்கீல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் வந்தால் பாதியைப் பேச விடமாட்டார், அப்புறம் நீங்கள் எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். ஏற்கெனவே ஒன்றைத் தப்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் திருடினேன் என்று போட்டிருக்கிறது. நான் ஒன்றைக் கழற்றினேன், அதே இடத்தில் இன்னொன்றை மாட்டினேன். வெறுமனே ஓட்டையாக விட்டுவிட்டு வரவில்லை.

என் கார் உங்கள் ஷெட்டில்தான் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். 1969-இல் செய்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர் எஞ்சின், கரும்பச்சை. அந்த நாளில் இந்தியானாப் பையன்கள் சோளக்காட்டுக்கு நடுவே போகும் நேர் ரோட்டில் ஒருவரையொருவர் முந்துவதற்கென்றே வாங்கிய ஜாதி அது. அநேகமாக எல்லாமே மரத்தில் மோதியோ, குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு அரித்தோ போய்ச் சேர்ந்துவிட்டன. என் மனைவி ஆர்லீன் இறந்த வருடம் நான் இதை ஒரு கொட்டகையிலிருந்து வாங்கினேன். அவளுக்கு வந்த நோய்க்கு என் கடையிலிருந்த எந்த மருந்தும் உதவவில்லை. அவள் போன பிறகு எனக்கு எதிலும் ருசியில்லை, வருத்தம்கூடச் சரியாக வரவில்லை. எல்லாம் மரத்துப்போயிருந்தது. ஒரே ஒரு பொருளையாவது முழுக்கச் சரியாக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அது மட்டும்தான் தோன்றியது.

சரியாக்குவது என்றால் பளபளவென்று பெயிண்ட் அடிப்பதில்லை. அதை யாரும் செய்வார்கள். இந்த எஞ்சினின் ஒவ்வொரு வார்ப்பிரும்புப் பாகத்திலும் அதை வார்த்த தேதி இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கும் வருடத்துக்கும் எண்கள். கார் எந்த வாரம் தொழிற்சாலையில் தயாரானது என்பது வண்டியில் அடித்த தகட்டில் இருக்கும். பாகத்தின் தேதி காரின் தேதிக்குச் சில வாரம் முந்தி இருக்க வேண்டும். அரை வருடம் முந்தினால் முகம் சுளிப்பார்கள். ஒரே ஒரு நாள் பிந்தினாலும் போயிற்று, அது அந்தக் காரோடு பிறந்த இரும்பில்லை. பிள்ளை பிறந்த பிறகு தாய் பிறந்த கதையாகிவிடும்.

என் கார் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பிறந்தது. கார்புரேட்டரைப் பென்சில்வேனியாவில் ஒரு சந்தையில் மழையில் நின்று வாங்கினேன். ஆல்டர்னேட்டர் இல்லினாயில் ஒரு புறாக்கூண்டுக்கு அடியில் கிடந்தது. தண்ணீர் பம்புக்காக மூன்று வருடம் அலைந்தேன். கண்காட்சித் திடல்களில் பொரித்த பன்றி இறைச்சி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு, அழுக்குத் துணி விரித்த மேசை மேசையாகக் குனிந்து, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எண் படித்தே என் முதுகு போயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. இடது பக்க மேனிஃபோல்ட். எஞ்சினிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய். என் காரில் இருந்தது ஜூன் மாதம் வார்த்தது. முன்னால் வைத்திருந்தவன் எவனோ பழையது உடைந்ததும் கிடைத்ததை மாட்டியிருக்கிறான். போதாக்குறைக்கு அதிலும் ஒரு விரிசல்.

போன வருடம் ஜூலையில் நடந்த பழைய கார்ப் போட்டியில் நடுவர் ராய்ஸ் கெல்டர், நீண்ட கைப்பிடி போட்ட சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்து, அந்தத் தேதியைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் கேலி இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிதாபம் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு, லொவெல். இது ஒண்ணு மட்டும் ஜூன்" என்றார்.

மற்றவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? தேதியை அரைத்துவிட்டுக் கள்ள எண் அடிப்பார்கள். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களோடு நான் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் காரில் ஒரு பொய்கூடக் கிடையாது.

வெர்லினுடைய கார் என்னுடையதற்கு உடன்பிறப்பு. அதே தொழிற்சாலை, அதே வாரம். ராணுவத்திலிருந்து திரும்பியதும் புதிதாக வாங்கி, தேனிலவுக்கு நடீனை அதில்தான் அழைத்துப்போனார். அதற்குப் பிறகு அதை யாரும் பிரித்ததில்லை. இடது மேனிஃபோல்டில் மார்ச் மாதத் தேதி. நான் முதல்முறை கண்ணாடி விட்டுப் பார்த்தபோது நம்பாமல் மூன்று தடவை குனிந்து படித்தேன். வெர்லினுக்குத் தேதியும் தெரியாது, அதில் அக்கறையும் கிடையாது. அவர் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், எங்கள் சர்ச்சில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்பவர், யாரையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்.

"எம் பொண்டாட்டியை எவனாவது இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பாத்திருந்தா உதைச்சிருப்பேன்" என்றார் அன்றைக்கு.

நான் முறையாகத்தான் கேட்டேன். ஒருமுறை இல்லை, வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்டேன். விரிசலில்லாத வேறொன்று தருகிறேன், கூலியில்லாமல் மாட்டித் தருகிறேன், எஞ்சின் முழுவதையும் சுத்தம் செய்து தருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். கடைசியாகக் கேட்டது போன வருடம் ஆகஸ்டில், அவர் வீட்டில் சீட்டாடும்போது. அவருடைய மருமகனும் இருந்தார், விசாரித்துக்கொள்ளலாம்.

"அது வேணாம்ப்பா. அதுங்க எல்லாம் ஒண்ணா வந்துச்சு, ஒண்ணாவே கெடக்கட்டும்" என்றார் வெர்லின். பிறகு துருப்புச் சீட்டை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "நான் செத்தப்புறம் வந்து கழட்டிக்க. மேல போற வண்டிக்குப் புகைக்குழாய் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாலு பேர் முன்னால் ஒருவர் ஒரு பொருளைத் தருவதாகச் சொன்னால் நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது புளோரிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசதியுள்ளவர்கள் இங்கே பனி விழுந்ததும் புளோரிடாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். வெர்லினும் நடீனும் போனதில்லை. குளிர்காலத்தில் அவர் அந்தக் காரை ரோட்டில் எடுக்கவும் மாட்டார், உப்புக்குப் பயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இருவரும் காரேஜில் காருக்குள் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டு, கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுக்கொள்வார்கள். காரின் பழைய ரேடியோவில் கூடைப்பந்து வர்ணனை ஓடும். நடீன் ஃபிளாஸ்க்கில் காப்பியும் பெர்சிமன் பழப் புட்டிங்கும் எடுத்து வருவாள். அதற்குப் பெயர்தான் புளோரிடா போவது. யாராவது அந்த நேரத்தில் போன் செய்தால், நாங்கள் புளோரிடாவில் இருந்தோம் என்று பிறகு சொல்வார்கள்.

காரேஜ் கதவைத் திறந்து வைத்துத்தான் முதலில் உட்கார்ந்தார்கள். குளிர் தாங்கவில்லை என்று நடீன் சொன்னாள். நான்தான் அவர்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்தேன். பின்பக்கம் இரண்டு புகைவாய்க்கும் வளையும் இரும்புக் குழாய் மாட்டி, சுவரில் துளை போட்டு, புகையை வெளியே விட்டேன். குழாயைப் பிடித்து இறுக்கும் வளையங்களை நானே முறுக்கினேன். அதற்குப் பிறகு அவர்கள் கதவை மூடி, அடியில் பழைய கம்பளத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார முடிந்தது. அவர்கள்மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

அக்டோபரில், குளிர்காலத்துக்கு முன்னால் எண்ணெய் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, காரை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வருடாவருடம் நான்தான் மாற்றுவேன், அதனால் அவர் சந்தேகப்படவில்லை. சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டால் போதும் என்றார். அன்று மத்தியானம் அவருடைய மார்ச்சைக் கழற்றினேன், என்னுடைய ஜூனை மாட்டினேன். போல்ட் ஒன்றுகூட முறியவில்லை. இத்தனை வருடத்துத் துருவில் அது நடக்கவே நடக்காது. அன்றைக்கு எனக்கு நெஞ்சில் சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. ஆர்லீன் போன பிறகு முதல்முறை.

விரிசலை நான் அப்படியே விடவில்லை. அடுப்புக்குப் பூசும் சாந்தை அழுத்தித் தேய்த்து, மேலே சாம்பல் நிறம் அடித்தேன். பார்த்தால் தெரியாது. அந்தச் சாந்து எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டீர்கள். நாலைந்து தடவை சூடேறி ஆறினால் உதிர ஆரம்பிக்கும். எனக்குத் தெரியும். ஆனால் ஆரம்பிக்கும் என்றுதான் தெரியும், முழுவதும் உதிரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

என் அலமாரியில் விரிசலில்லாத மேனிஃபோல்ட் ஒன்று இருந்ததை உங்கள் ஆட்கள் எடுத்துப்போனார்கள். அதை ஏன் மாட்டவில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அது ஆகஸ்ட் மாதத்தது, நல்ல நிலையில் இருக்கிறது. செப்டம்பர் கார் வைத்திருக்கும் யாருக்காவது அது என்றைக்காவது தேவைப்படும். தேதியைப் பற்றிக் கவலைப்படாத மனிதருக்கு அதைக் கொடுத்து வீணாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நவம்பர் கடைசியில் சர்ச் வாசலில் நடீன் என்னை நிறுத்தினாள். கடையை விற்றுவிட்டேன் என்றாலும் ஊரில் எல்லோருக்கும் நான் இன்னும் மருந்துக்காரன்தான்.

"லொவெல், இந்த ஞாயித்துக்கிழமைத் தலைவலிக்கு ஏதாவது சொல்லேன். புளோரிடா போயிட்டு வந்தாலே மண்டையை இடிக்குது."

"அது நம்ம பசங்க ஆடுற ஆட்டத்தைக் கேட்டு வர்ற வலி" என்றார் வெர்லின்.

சாப்பிட்ட பிறகு இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னேன். எந்த மாத்திரை என்றும் சொன்னேன். தண்ணீர் குடிக்கிறாளா, தூங்குகிறாளா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. எதனால் வலிக்கிறது என்று தெரிந்த பிறகு கேள்வி எதற்கு? மூடிய இடத்தில் எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ன செய்யும் என்று படித்துத் தேறித்தான் எனக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். நிறமில்லை, வாசனையில்லை, முதலில் தலைவலி, பிறகு தூக்கம். மருந்துக்காரன் பார்வையில் அது நோகாத வழி. ஆர்லீனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் குளிர் கடுமையாக இறங்கியது. சனிக்கிழமை வெர்லின் போன் செய்தார்.

"உள்ள டிக் டிக்குன்னு ஒரு சத்தம்ப்பா. சூடானா நின்னுடுது. நாளைக்கு எடுக்கலாமா, வேணாமா?"

விரிசல் வழியே புகை கசியும் மேனிஃபோல்ட் அப்படித்தான் சத்தம் போடும்.

"குளிர்ல எண்ணெய் கெட்டியா இருக்கும், அதான். சீக்கிரம் நிறுத்திடாதீங்க. நல்லா ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஓடவிடுங்க, சரியாயிடும்" என்றேன்.

"நீ சொன்னா சரி. நாளைக்கு நான் மட்டும்தான் புளோரிடா. பேத்தியோட பள்ளிக்கூடத்துல கிறிஸ்துமஸ் பாட்டாம், நடீன் அங்க போறா."

பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று சொன்னேன். எப்போதும் அப்படித்தான் சொல்வோம்.

மறுநாள் ரோடெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. அதனால் நடீன் பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. எனக்கு அது தெரியாது. நடீன் என் கணக்கிலேயே இல்லை, மேடம். இதை நீங்கள் அழுத்தமாக எழுதிக்கொள்ள வேண்டும். நடீனுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

சாயங்காலம் அவர்களுடைய மகள் கார்லா எனக்குப் போன் செய்தாள். இருவரும் போனை எடுக்கவில்லை, பக்கத்தில் இருப்பதால் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். போனேன். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது. காரேஜ் கதவைத் தூக்கிவிட்டு நான் முதலில் பானெட்டைத் திறந்தேன். கார்க் கதவைத்தான் முதலில் திறந்திருக்க வேண்டும், இப்போது புரிகிறது. சாந்து முழுவதும் உதிர்ந்திருந்தது. நடீன் வெர்லின் தோளில் சாய்ந்திருந்தாள். புட்டிங் பாதி மிச்சமிருந்தது. இருவருக்கும் முகம் சிவந்திருந்தது, நிஜமாகவே வெயிலில் இருந்துவிட்டு வந்தவர்கள் மாதிரி.

பிறகு பின்பக்கம் போய், புகைவாயில் மாட்டியிருந்த குழாய்களில் ஒன்றைக் கழற்றிக் கீழே போட்டேன். உங்கள் அறிக்கையில் விபத்துக்குக் காரணம் கழன்ற குழாய் என்று எழுதினார்கள் அல்லவா, அது என் வேலை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. நான் முறுக்கிய வளையம் தானாகக் கழலவே கழலாது. ஊர் முழுக்க லொவெல் மாட்டிய குழாய் கழன்றுவிட்டதாகப் பேசினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

சவப்பெட்டியை நானும் சேர்ந்து தூக்கினேன். வெர்லினுடையதைத்தான். கார்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வரவழைக்க முயன்றேன். மரத்துப்போன கையைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இந்த ஜூலையில் ராய்ஸ் கெல்டர் மறுபடியும் கண்ணாடியை உள்ளே விட்டார். வெகுநேரம் பார்த்தார். மார்ச் தேதியைப் படித்துவிட்டு எழுந்து என் கையைக் குலுக்கினார். எங்கே கிடைத்தது என்று கேட்டார், ஒரு நண்பர் எனக்கென்று விட்டுப்போனார் என்றேன். முழு மதிப்பெண். அன்று இரவு நான் ஹோட்டல் அறைக்குப் போகவில்லை, கார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதில் தப்பான இரும்பு எதுவும் இல்லை. அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன், உள்ளே எதுவும் அசையவில்லை.

கார்லா அப்பாவின் காரை விற்கப்போகிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாங்க வந்தவர் அதைச் சோதித்துப் பார்க்க ராய்ஸையே கூட்டிவந்திருக்கிறார். மற்றவர்களுக்கு முகம் எப்படியோ, ராய்ஸுக்கு எண் அப்படி. பிரிக்கவே பிரிக்காத ஏப்ரல் காரில் ஜூன் மேனிஃபோல்ட். அதில் விரிசல். போன வருடம் என் காரில் மதிப்பெண் குறைத்த அதே ஜூன், அதே நாள். அவர் எனக்குப் போன் செய்யவில்லை, உங்களுக்குச் செய்துவிட்டார். நானும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அந்த ஜூன் தேதியை அரைத்து எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்றீர்கள். வாஸ்தவம். கிரைண்டிங் மெஷின் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை. அன்று மத்தியானம் அதைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால் இரும்பில் இருக்கும் தேதியை அழிப்பது மோசடி, மேடம். அது உண்மையை அழிப்பது. என்னால் முடியவில்லை.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு குறை. மார்ச் மேனிஃபோல்டை என் காரிலிருந்து கழற்றியபோது உங்கள் ஆள் மின்சாரப் பேனாவால் அதில் வழக்கு எண்ணைக் கீறிவிட்டார். ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கலாம், அட்டை கட்டித் தொங்கவிட்டிருக்கலாம். அரை நூற்றாண்டு யார் கையும் படாத இரும்பு. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெர்லினுக்கும் நடீனுக்கும் வராதது அதற்கு வந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். சாந்து உதிரும் என்று தெரிந்தே பூசினேன், சத்தம் எதனால் என்று தெரிந்தே ஓடவிடச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திருட்டு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். செத்த பிறகு எடுத்துக்கொள் என்று வெர்லின் எல்லோர் முன்னாலும் எனக்குக் கொடுத்தார். நான் எடுத்தது அக்டோபரில், அவர் போனது டிசம்பரில். சில வாரம் முந்தி இருந்தால் எங்கள் கணக்கில் அது சரியான தேதிதான்.